தாண்டவராயன் மீதான கள விசாரணை

கால் போனவன் காலைக் காட்டலாம். கண் போனவன் கண்ணைக் காட்டலாம். மனசு சரியில்லாதவன் எதைக் காட்டுவான் என்று சர்க்கார் யோசித்ததாகத் தெரியவில்லை. மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கான விண்ணப்பத்தோடு 'குறைபாடு தெளிவாகத் தெரியும்படி எடுத்த முழு உருவப் புகைப்படம்' ஒன்றை வைக்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஒரே விதியைப் போட்டுவிட்டது. சர்க்காருக்குப் பாரபட்சம் கிடையாது.

அந்த விதியைப் பிடித்துக்கொண்டுதான் செல்லம்மாள் தன் தம்பி தாண்டவராயனை உத்திரமேரூர் கடைத்தெருவில் இருக்கும் அத்தாவுல்லாவின் ஸ்டுடியோவுக்கு அழைத்துவந்தாள். அத்தாவுல்லா அந்தச் சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேரை மாப்பிள்ளையாகவும் மீதிப் பேரைப் பெண்ணாகவும் படம் பிடித்தவர். காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் படித்தார், தாடியைச் சொறிந்துகொண்டார்.

"கொறபாடு எங்க கீது தம்பி?" என்று கேட்டார்.

தாண்டவராயன் தலையைத் தொட்டுக் காட்டினான்.

அத்தாவுல்லா தலையை மட்டும் கிட்டத்தில் வைத்து ஒன்று எடுத்தார். முழு உருவம் என்று போட்டிருக்கிறதே என்று செல்லம்மாள் ஞாபகப்படுத்தினாள். சரி, கொஞ்சம் சோகமாக நில்லப்பா என்றார். தாண்டவராயன் எப்போதும் நிற்கிற மாதிரியே நின்றான். அது அவருக்குப் போதவில்லை. தலைமுடியைக் கலைத்துப் பார்த்தார், சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுப் பார்த்தார். கடைசியில் அவருக்கே மனசு வரவில்லை. தன் ஸ்டுடியோவிலிருந்து ஒருத்தன் அலங்கோலமாக வெளியே போனான் என்ற பேச்சு வரக்கூடாது என்று சொல்லி, பவுடர் டப்பாவை எடுத்தார்.

படம் கைக்கு வந்தபோது பின்னால் நீல மலை, பக்கத்தில் பூந்தொட்டி, நடுவில் தாண்டவராயன். கப்பலில் உத்தியோகம் பார்ப்பவன் லீவில் வந்த மாதிரி இருந்தான். கண்ணுக்குக் கீழே கருப்பாக இருந்ததைக் கம்ப்யூட்டரில் எடுத்துவிட்டதாகவும், அதற்குத் தனியாக எதுவும் வேண்டாம் என்றும் அத்தாவுல்லா பெருந்தன்மையோடு சொன்னார். அந்தக் கருப்புதான் அவனிடம் இருந்த ஒரே ஆதாரம்.

தாண்டவராயன் டிப்ளமா படித்தவன். ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். ஒருநாள் மெஷின் சத்தத்துக்கு நடுவே யாரோ அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. பிறகு வீட்டுக்கே வந்து கூப்பிட்டார்கள், திட்டினார்கள், சோற்றில் விஷம் இருக்கிறது என்றார்கள். செல்லம்மாள் பூசாரி, மந்திரித்த கயிறு, தர்கா என்று தட்டாத கதவு இல்லை. கடைசியில்தான் ஜில்லா ஆஸ்பத்திரி மனநல டாக்டரம்மாவிடம் போய்ச் சேர்ந்தாள். மாத்திரை போட்டதும் குரல்கள் அடங்கின. கூடவே கையும் காலும் அடங்கிவிட்டன. காலையில் எழுந்து பல் விளக்குவதே அவனுக்கு ஒரு காணி உழுகிற வேலையாகிவிட்டது.

ஊரில் இதற்கு ஒரு பேர் இருக்கிறது, சோம்பேறி என்று. பக்கத்து வீட்டு முனியம்மாள் கோழிக்குத் தீனி போடும்போதெல்லாம் அந்தப் பேரை வேலிக்கு இந்தப் பக்கம் கேட்கிற மாதிரி சொல்லுவாள். விஷம் என்று சொன்ன குரல்களைக்கூடத் தாங்கிக்கொண்டவனால் இந்த ஒரு வார்த்தையைத் தாங்க முடியவில்லை. அதைவிட மோசம், அவனே அதை நம்ப ஆரம்பித்திருந்தான்.

செல்லம்மாளுக்குப் புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு தம்பிதான் எல்லாம். மாசா மாசம் அவனை மாத்திரைக்குக் கூட்டிப் போக வேண்டும். தனியாக அனுப்பினால் பஸ்ஸை விட்டு இறங்கவே தோன்றாமல் எங்காவது போய்விடுவான். நடவு, களையெடுப்பு என்று வேலை மும்முரமான மாசத்தில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போக முடியாமல் போகும். மாத்திரை நிற்கும். குரல்கள் திரும்பி வரும். போன மழைக்காலத்தில் அப்படித்தான் ஏரியில் கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தவனை முனியம்மாளின் புருஷன் இழுத்துக்கொண்டு வந்தார். சான்றிதழ் கிடைத்தால் உதவித்தொகை உண்டு, கூட ஒரு ஆள் போவதற்கும் சேர்த்துப் பஸ் பாஸ் உண்டு என்று டாக்டரம்மாதான் சொன்னார்.

தாண்டவராயனுக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. "எனக்கு ஒடம்புதான் சரியில்லன்னு யாராச்சும் எழுதிக் குடுத்தா போதும்க்கா" என்றான்.

சான்றிதழ் முகாம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. தனி அலுவலர் ஒருவர் மேடையேறி, உலகத்துக்கே தேர்தல் சொல்லிக்கொடுத்த மண்ணில் நிற்கிறோம் என்று ஆரம்பித்தார். உத்திரமேரூரில் யார் மேடையேறினாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். கழிப்பறை திறப்பு விழாவிலும் இதே வாக்கியத்தைக் கேட்டிருக்கிறோம். ஆனால் இவர் பேச்சோடு நிற்கிறவர் இல்லை. கல்வெட்டில் சொன்ன குடவோலை முறைப்படியே இன்றைக்கு வரிசை அமையும் என்று அறிவித்து, ஒரு மண்பானையைத் தூக்கினார். பானை காலியாக இருப்பதை முதலில் சபைக்குக் காட்ட வேண்டும் என்பது அந்தக் காலத்து ஒழுங்கு. முன்வரிசையில் கண் தெரியாதவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கும் குறைவில்லாமல் காட்டினார்.

பிறகு பேர்ச் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கி எடுத்தார்கள். இருட்டோடு எழுந்து வந்தவர்கள் கடைசிக்குப் போனார்கள். பதினோரு மணிக்கு டீ குடித்துவிட்டு வந்தவர் முதலில் போனார். இதுதான் ஜனநாயகம் என்று அலுவலர் விளக்கியபோது ஊன்றுகோல்களைக் கீழே வைத்துவிட்டு எல்லோரும் கை தட்டினார்கள்.

தாண்டவராயனின் சீட்டு பானையின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. சாயங்காலம்தான் டாக்டரம்மாவின் மேசைக்குப் போக முடிந்தது. டாக்டரம்மா நல்ல மனுஷி. தாண்டவராயனோடு பொறுமையாகப் பேசி, வியாதியின் பேரை எழுதி, கையெழுத்தும் சீலும் போட்டுக் கொடுத்தார். இத்தோடு முடிந்தது என்று செல்லம்மாள் பெருமூச்சு விட்டாள். ஆனால் வியாதி இருந்தால் மட்டும் போதாதாம். அது மனுதாரரின் அன்றாட வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது என்று ஒரு அதிகாரி ஊருக்கே வந்து அக்கம்பக்கத்தில் விசாரித்து அறிக்கை கொடுக்க வேண்டுமாம். டாக்டர் படித்தவர்தான், ஆனால் பார்த்தவர் பக்கத்து வீட்டுக்காரர் அல்லவா என்று தனி அலுவலர் கேட்டார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

விசாரணைக்கு வந்தவர் பஞ்சாட்சரம். ஓய்வு பெறக் கொஞ்ச காலமே இருந்தது. இதுவரை ஒரு போலி மனுவைக்கூடத் தப்பவிட்டதில்லை என்று அவருக்கு ஒரு பெருமை. அசல் மனுவில் எத்தனையைத் தப்பவிட்டார் என்பதற்குக் கணக்கு கிடையாது. மனநோய் மனுக்களுக்கு அவர் ஒரு சூத்திரமே வைத்திருந்தார். அசல் பைத்தியக்காரன் மனுப் போட மாட்டான். மனுப் போட்டவன் பைத்தியக்காரன் இல்லை. இதை அவர் பயிற்சி வகுப்புகளில் சொல்லும்போது இளைய அதிகாரிகள் குறிப்பெடுத்துக்கொள்வார்கள்.

அதிகாரி என்று தெரிந்தால் ஜனங்கள் பொய் சொல்வார்கள் என்பதால், அவர் வெள்ளை வேட்டி சட்டையில், நெற்றியில் விபூதியோடு, ஸ்கூட்டரில் வந்தார். ஏரிக்கரை டீக்கடையில் இறங்கினார். பையிலிருந்து அத்தாவுல்லா எடுத்த படத்தை வெளியே எடுத்து, "இந்தப் பையன் எப்படி?" என்று கேட்டார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வெள்ளை வேட்டிக்காரர் கல்யாணம் ஆகாத பையனின் படத்தைக் காட்டி எப்படி என்று கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தாண்டவராயனுக்குப் பெண் கொடுக்க ஆள் வந்திருக்கிறது. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணச் சொல்லி வைத்திருக்கிறார்கள். இத்தனை நாள் அவனுக்கென்று ஒன்றும் செய்யாத ஊர், அன்றைக்கு ஒரே மூச்சில் செய்து தீர்த்தது.

பையன் டிப்ளமா என்றார்கள். சொந்த நிலம், பம்புசெட்டு என்றார்கள். குடியா, சீட்டாட்டமா, ஒன்று கிடையாது என்றார்கள். பஞ்சாட்சரம் பக்கத்து வீட்டில் கட்டாயம் கேட்டாக வேண்டும் என்ற விதிப்படி முனியம்மாளிடம் போனார். செல்லம்மாள் நடவுக்குப் போயிருந்தாள். இரண்டு வீட்டுக்கும் கோழி விஷயமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஆனால் கோழிச் சண்டை வேறு, கல்யாண விஷயம் வேறு.

"தங்கமான புள்ள சார். குனிஞ்ச தல நிமிராது. வூட்ட வுட்டு வெளிய போவவே போவாது. நாலு பேரோட சேராது. வூட்ல ஒரு ஆம்பள கீதான்னே தெரியாது, அவ்ளோ அமைதி" என்றாள் முனியம்மாள்.

தனியாகப் பேசிக்கொள்கிற பழக்கம் உண்டா என்று பஞ்சாட்சரம் துருவினார். சாமியோடு பேசும் என்றாள் முனியம்மாள். ஏரியில் இறங்கியதாகக் கேள்விப்பட்டேனே என்று படத்தைப் பார்ப்பது போல மனுவைப் பார்த்துக்கொண்டு கேட்டார். கழுத்தளவு தண்ணீரில் நின்று ஜபம் பண்ணும், அந்தக் காலத்து ரிஷிகள் மாதிரி என்றாள். டாக்டரம்மா வியாதியின் அடையாளங்கள் என்று எழுதியிருந்ததில் ஒன்றைக்கூட அவள் விட்டுவைக்கவில்லை. எல்லாமே மாப்பிள்ளைக்கு உரிய லட்சணங்களாகிவிட்டன.

போகிற போக்கில் பஞ்சாட்சரம் ஜன்னல் வழியாகவும் எட்டிப் பார்த்தார். தாண்டவராயன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். 'மனுதாரர் பகலில் நிம்மதியாக உறங்குகிறார். மனநோயாளிகளுக்கு உறக்கம் வராது என்பது அனைவரும் அறிந்ததே' என்று குறித்துக்கொண்டார்.

அடுத்த முகாமில் அறிக்கையைத் தனி அலுவலர் சபையில் உரக்கப் படித்தார். மனுதாரர் ஒழுக்கசீலர், தெய்வபக்தி மிக்கவர், தீய பழக்கங்கள் அற்றவர், அக்கம்பக்கத்தாரின் நன்மதிப்பைப் பெற்றவர். வேறு யாருடைய காகிதமோ மாறி வந்துவிட்டது என்றுதான் செல்லம்மாள் முதலில் நினைத்தாள். தாண்டவராயன் வாயைக் கொஞ்சம் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். நன்மதிப்பு என்ற இடம் வந்ததும் அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அவன் சிரித்துப் பார்த்து எவ்வளவு காலம் ஆகியிருந்தது. தனி அலுவலரும் அதைப் பார்த்தார். மனுதாரர் சந்தர்ப்பத்துக்கு ஏற்பச் சிரிக்கிறார் என்று ஓரத்தில் எழுதி, மனுவை நிராகரித்து, தாண்டவராயனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"வாழ்த்துகள் தம்பி. எத்தனையோ பேருக்குச் சான்றிதழ் கொடுத்திருக்கிறேன். குணப்படுத்தி அனுப்புகிற திருப்தி இன்றைக்குத்தான் கிடைத்தது" என்றார்.

பஸ்ஸை விட்டு இறங்கப் போகும்போது தாண்டவராயன், "முனியம்மாக்காவா அப்டி சொல்லிச்சு?" என்று கேட்டான். பதில் வேலியோரம் நின்றுகொண்டிருந்தது. முனியம்மாள் கோழிச் சண்டையை மறந்து, முகம் கொள்ளாத சிரிப்போடு, பொண்ணு வீட்டிலிருந்து தகவல் வந்ததா என்று கேட்டாள்.

விஷயம் வெளிவர அதிக நேரம் ஆகவில்லை. வந்தவர் யார் என்று தெரிந்ததும் முனியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். தாண்டவராயன் உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டான். செல்லம்மாளுக்கு, நல்ல பேர் ஒன்றைக் கையில் கொடுத்து, வாசல் தாண்டுவதற்குள் பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஞ்சாட்சரம் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை ஸ்கூட்டரில் இல்லை, காரில். கூடவே அவருடைய மச்சினி கீதா, தட்டு நிறையப் பழம், பூ, வெற்றிலை பாக்கு. மனுவை மறுபடி பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று செல்லம்மாள் அவசரமாக நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். தட்டு எதற்கு என்று மட்டும் புரியவில்லை.

புரியும்படி அவரே சொன்னார். கீதாவின் பெண் பூஜாவுக்குச் செவ்வாய் தோஷம். வரன் தள்ளிக்கொண்டே போகிறது. இத்தனை வருஷ சர்வீஸில் இப்படி ஒரு விசாரணை அறிக்கையை அவர் எழுதியதே இல்லை. எழுதி முடித்துவிட்டுத் தானே படித்துப் பார்த்தபோது அவருக்கே ஆசையாகிவிட்டது. பேரை வைத்துப் பூர்வீகமும் விசாரித்துவிட்டார், எல்லாம் பொருந்திவருகிறது. அத்தாவுல்லாவின் படம் பூஜாவுக்கும் பிடித்துவிட்டது.

"சார், தம்பிக்கு ஒடம்பு சரியில்லன்னுதான மனுவே குடுத்தோம்" என்றாள் செல்லம்மாள்.

பஞ்சாட்சரம் மச்சினியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "அதெல்லாம் சலுகைக்காக எழுதறது, எனக்குத் தெரியாதாம்மா? சர்க்காரையே ஏமாத்தப் பாத்திருக்கான். பொழைக்கத் தெரிஞ்ச புள்ள. அதான் எனக்குப் புடிச்சுது" என்றார்.

அப்போதுதான் தாண்டவராயன் எழுந்து வெளியே வந்தான். சட்டையைப் போட்டுக்கொண்டு, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"சார், எனக்குக் காதுல கொரல் கேக்கும். சோத்துல விஷம் கீதுன்னு சொல்லும். மாத்திரை போட்டா கேக்காது, ஆனா எழுந்திருக்க முடியாது. அந்தப் பொண்ணு பாவம் சார்" என்றான்.

கீதாவின் கை தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. பஞ்சாட்சரத்தின் விபூதி வியர்வையில் கரைந்தது. டாக்டர் கையெழுத்தை நம்பாதவர், சீலை நம்பாதவர், வெறும் வாய்ச்சொல்லை அந்த நிமிஷமே நம்பிவிட்டார்.

"இப்படி ஒரு வியாதிய வெச்சுக்கினு முன்னாடியே சொல்லக்கூடாதாம்மா?" என்றார்.

"எழுதியே குடுத்தமே சார். டாக்டரம்மா சீலோட."

"அது ஆபீஸ் விஷயம். இது குடும்ப விஷயம்மா. குடும்ப விஷயத்துல தீர விசாரிக்காம எதையும் எழுத முடியுமா?"

செல்லம்மாள் எழுந்து, கீதாவின் மடியிலிருந்த தட்டை மரியாதையாக வாங்கி நடுவில் வைத்து, ஒரு வெற்றிலையை எடுத்துக்கொண்டாள்.

"எங்களுக்குச் சம்மதம் சார். ஒரு கொறையும் இல்லன்னு நீங்களே எழுதி கையெழுத்து போட்டுக்கீறீங்க. பெரிய அதிகாரி கையெழுத்து பொய்யா பூடுமா? நல்ல நாள் பாருங்க" என்றாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் அதற்குள் பாதி ஊர் கூடியிருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் மேளத்துக்குச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டார். கீதா பஞ்சாட்சரத்தைத் திரும்பிப் பார்த்து, "இன்னா மாமா இது?" என்றாள். அவள் வீட்டுக்குப் போய்த் தன் அக்காவிடம், அதாவது பஞ்சாட்சரத்தின் சம்சாரத்திடம், என்னவெல்லாம் சொல்லப்போகிறாள் என்பது அந்தப் பார்வையிலேயே இருந்தது.

பஞ்சாட்சரம் பையைத் திறந்து, பழைய அறிக்கையை மாற்றி எழுத வெள்ளைத்தாளை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமையில் ஒரு சர்க்கார் பேனா அப்படி ஓடி யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். எப்போது ஆரம்பித்தது, எப்படி இருக்கும், மாத்திரை நின்றால் என்ன ஆகும் என்று தாண்டவராயனையும் செல்லம்மாளையும் கேட்டுக் கேட்டு எழுதினார். பக்கத்து வீட்டாரின் வாக்குமூலம் வேண்டும் என்று முனியம்மாளைக் கூப்பிட்டார். அவள் வேலியைச் சுற்றிக்கொண்டு வந்து நின்று, குழப்பத்தோடு செல்லம்மாளைப் பார்த்தாள்.

"இப்ப இன்னாடி சொல்லணும்? கல்யாணத்துக்குச் சொல்லணுமா, கவர்மெண்டுக்குச் சொல்லணுமா?"

"நெசத்தச் சொல்லு" என்றாள் செல்லம்மாள்.

முனியம்மாள் சொன்னாள். ஏரியிலிருந்து இழுத்து வந்த அன்றைக்கு அவன் உடம்பு நடுங்கிய நடுக்கத்தைச் சொன்னாள். ஒருநாள் அவன் வாசல் பெருக்க விளக்குமாற்றை எடுத்து, பாதியில் அப்படியே உட்கார்ந்து, அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுததை வேலி வழியாகப் பார்த்ததைச் சொன்னாள். அதைப் பார்த்தும் மறுநாள் தன் வாய் சும்மா இருக்கவில்லை என்றாள்.

"அது சோம்பேறி இல்ல சார். நாந்தான் வாய்க்கொழுப்புல சொல்லிக்கினு இருந்தேன்" என்றாள்.

"அத எழுதுங்க சார்" என்றான் தாண்டவராயன்.

அறிக்கையில் அதற்கு இடம் கிடையாது என்று பஞ்சாட்சரம் சொல்லிப் பார்த்தார். செல்லம்மாள் தட்டை அவர் பக்கம் கொஞ்சம் நகர்த்தினாள். 'மனுதாரர் சோம்பேறி அல்லர் என்று விசாரணையில் தெரிய வருகிறது' என்று அவர் எழுதினார். தாண்டவராயன் பக்கத்தில் வந்து குனிந்து, எழுத்துக் கூட்டாத குறையாக அதை மெதுவாகப் படித்தான். படித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"கீழ சீல் வெக்கணுமே சார்" என்றான்.

சீல் ஆபீசில் இருக்கிறது என்றார் பஞ்சாட்சரம்.

"பரவால்ல சார். நாளைக்குக் காலைல நானே எழுந்து குளிச்சிட்டு வந்து வாங்கிக்கறேன்."

பஞ்சாட்சரத்தின் பேனா நின்றது. அவர் நிமிர்ந்து, போலி மனு ஒன்று சிக்கிவிட்ட மாதிரி தாண்டவராயனைப் பார்த்தார். செல்லம்மாள் அவசரமாகத் தம்பியின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வர மாட்டான் சார்" என்றாள். "நீங்க எழுதுங்க."